கிளிப்பை நகர்த்தும்போதும் காப்பி செய்யும்போதும் பலர் செய்யும் தவறுகள்

வீடியோ எடிட்டிங் கற்க வருபவர்கள் எஃபெக்ட், கலர் என்றுதான் தேடித் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் ஒரு எடிட் கெட்டுப்போவது பெரும்பாலும் கிளிப்பை (வீடியோ, ஆடியோத் துண்டை) எடுத்து வைப்பது, காப்பி எடுப்பது போன்ற சின்ன வேலைகளில்தான்.

பிளேஹெட் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் இப்போது எந்த நொடியில் நிற்கிறோம் என்று காட்டும் கோடு) எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பேஸ்ட் செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்களில் கன்ட்ரோல் + வி அழுத்தினால் பிளேஹெட் நிற்கும் இடத்தில் கிளிப் விழும், அங்கே ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து அதை அழித்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. ஒரு நேர்காணலில் இப்படித்தான் ஒருவர் பேசி முடிக்கும் கடைசி நான்கு நொடிகளை நானே அழித்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்து முழுதாகப் பார்க்கும்போதுதான் கண்டுபிடித்தேன். இருப்பதைத் தள்ளிவிட்டு நடுவில் நுழைக்க வேண்டுமென்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. ஃபைனல் கட் ப்ரோவில் கதையே வேறு, அங்கே சாதாரண பேஸ்ட்டே பிரதானக் கதைவரிசையில் (முக்கியக் கிளிப்புகள் இருக்கும் வரிசை) மற்றதைத் தள்ளிவிட்டு நுழையும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றுக்குப் போகும்போது கவனம் வேண்டும். அதோடு எந்த ட்ராக் (கிளிப்புகள் உட்காரும் அடுக்கு; வி1 அடியில் உள்ள வீடியோ அடுக்கு, வி2 அதற்கு மேலே) தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள், வி2-இல் வைக்க நினைத்தது வி1-இல் விழுந்தால் அடிப்படைக் காட்சியே போய்விடும்.

ஆல்ட் பிடித்துக்கொண்டு இழுத்தால் காப்பி வரும், மேக்கில் ஆப்ஷன். வேகமான வழி, எனக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் விடும் இடத்தில் வேறு கிளிப் இருந்தால் அதுவும் அழியலாம், சில நேரம் வீடியோ மட்டும் வந்து ஆடியோ வராமல் போகும். முதலில் கிளிப்பைக் கிளிக் செய்து, ஆடியோவும் சேர்ந்து தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் இழுங்கள்.

வீடியோவையும் அதன் ஆடியோவையும் சேர்த்துக் கட்டியிருக்கும் லிங்க்கைக் கழற்றிவிட்டு மறந்துபோவது இன்னொன்று. வீடியோவை மட்டும் கொஞ்சம் நகர்த்துவீர்கள், உதடும் குரலும் ஒட்டாது. நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்) என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட், அது இரண்டு மூன்று ஃபிரேம் ஆனாலே பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்துவிடும். லிங்க் இருந்தும் ஒத்திசைவு விலகியிருந்தால் பிரீமியரில் கிளிப்பின் மூலையில் சிவப்பு எண் காட்டும், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

கிளிப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு ஃபிரேம் இடைவெளி விழுந்தால் கருப்பு மின்னல் போல ஒன்று வந்து போகும். ஸ்னாப் (கிளிப்பின் விளிம்பைத் தானாக ஒட்டவைக்கும் வசதி) அணைந்திருக்கும்போது கையால் ஒட்டவைத்தால் இது எளிதில் நடக்கும். பிரீமியரில் கீழ் அம்புக்குறியால் வெட்டுக்கு வெட்டு தாவிப் பாருங்கள், எங்கே பிளேஹெட் ஒரு ஃபிரேம் மட்டும் நகர்கிறதோ அங்கே இடைவெளி இருக்க வாய்ப்பு அதிகம்.

பத்து கிளிப்புக்கு ஒரே கலர் வேண்டுமென்று பத்திலும் எஃபெக்ட்டை ஒட்டிவைக்காதீர்கள். மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ள கிளிப்புகள் எல்லாவற்றுக்கும் எஃபெக்ட்டைத் தரும் வெற்று அடுக்கு) போதும், மாற்ற வேண்டுமென்றால் ஒரே இடத்தில் மாற்றலாம்.

நெஸ்ட் செய்ததை (பல கிளிப்புகளை ஒரே கிளிப்பாகச் சுருட்டியதை) காப்பி எடுப்பதில்தான் பெரிய குழப்பம். பிரீமியரில் ஒரு நெஸ்ட்டை டைம்லைனில் ஐந்து இடத்தில் ஒட்டினால் ஐந்தும் ஒரே சீக்வென்ஸைத்தான் (ஒரு டைம்லைனில் அடுக்கிய எடிட்) காட்டும், அதாவது ஒன்றைத் திறந்து உள்ளே எழுத்தை மாற்றினால் மற்ற நான்கிலும் மாறிவிடும். தனித்தனியாக வேண்டுமென்றால் ப்ராஜெக்ட் பேனலில் அந்த சீக்வென்ஸையே டூப்ளிகேட் செய்து, புதியதை டைம்லைனில் வையுங்கள். ஃபைனல் கட்டில் நெஸ்ட் போன்ற கம்பவுண்ட் கிளிப்புக்கும் இதே நிலைதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள், டைம்லைனில் இருக்கும் கிளிப் உங்கள் வீடியோ ஃபைல் அல்ல, அந்த ஃபைலின் இந்த நொடியிலிருந்து அந்த நொடிவரை காட்டு என்ற குறிப்பு மட்டுமே. காப்பி எடுத்தால் குறிப்புதான் இரண்டாகும், டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் ஒன்றேதான். நூறு காப்பி வைத்திருந்தாலும் அந்த ஒரு ஃபைலை அழித்துவிட்டால் நூறும் சேர்ந்து ஆஃப்லைன் ஆகிவிடும், அதாவது காட்டப் படமே இருக்காது. ஃபைலை வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். பெரிய மாற்றம் செய்யும் முன்னால் முழு சீக்வென்ஸையும் டூப்ளிகேட் செய்து பெயரில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இரண்டு நொடிதான் ஆகும்.