படிகக்கல்: மெருகிட்டதா, மெருகிடாததா?

ஈரம் மிகுந்த இலங்கை மலையகத்தில், நுவரெலியா, ஹட்டன் பக்கத்து வீடுகளில் படிகக்கல் வைப்பவர்கள் முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். செலனைட் எனும் ஜிப்சம் வகைக் கல்லைக் கழுவவே கூடாது. நகம் பட்டாலே கீறல் விழும், தண்ணீரில் மெல்லக் கரையும். மெருகிடாத செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட் எனும் ஊதாக் கல்) கொத்து அலமாரிக்குத் தனி அழகு. முனைகளுக்கிடையே படியும் தூசியை மென்மையான பற்தூரிகையால் தட்டிவிடுங்கள். நேர் வெயிலில் நெடுநாள் இருந்தால் அந்த ஊதா வெளுத்துவிடும்.

தியானத்தில் கைக்குள் வைத்திருக்க மெருகிட்ட கல்லே சுகம். கல் நோயைக் குணப்படுத்துவதற்கு அறிவியல் சான்று இல்லை. மனம் அமைதியடைந்தால் நல்லதே, மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மெருகிட்டதை வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் கண்ணாடிதான்.