ஷாம்பெய்ன் இருப்புக் கணக்கு: எங்கெல்லாம் சறுக்கும்?

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்து நிலவறைகளில் இருப்பு 100 கோடி பாட்டில்களுக்கு மேல். 2024-ல் அங்கிருந்து வெளியே போனவை சுமார் 27.1 கோடி. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் "சரக்கு விற்காமல் தேங்கிவிட்டது" என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. பெரிய தவறும் இதுவே.

ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் ஒயின். அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1-க்கு முன்னால் பாட்டிலில் அடைக்கக் கூடாது. அடைத்த பிறகு சாதாரண வகைக்குக் குறைந்தது 15 மாதம், ஒரே ஆண்டின் திராட்சையில் செய்யும் வகைக்கு 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதாவது, 2024 செப்டம்பரில் பறித்த திராட்சை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் 2026 ஏப்ரலுக்கு முன் கடைக்கு வராது. பல நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகவே ஊற வைக்கின்றன. எனவே மூன்று ஆண்டு விற்பனைக்கு நிகரான இருப்பு என்பது இந்தத் தொழிலில் இயல்பு. அது கடைச் சரக்கு அல்ல, உலையில் வேகும் சோறு. "இந்த ஆண்டு விளைச்சல் போச்சு, அதனால்தான் இந்த ஆண்டு விற்பனை குறைந்தது" என்பதும் இதே காரணத்தால் நிற்காது.

இருப்பை விற்பனையால் வகுத்து "இத்தனை ஆண்டுக்குப் போதும்" என்று சொல்வதிலும் ஒரு பொறி உண்டு. கணக்குக்காக இருப்பை 100 கோடி என்றே வைத்துக்கொள்வோம். 2019-ன் 29.7 கோடியால் வகுத்தால் 3.4 ஆண்டு. கொரோனா ஆண்டான 2020-ன் 24.4 கோடியால் வகுத்தால் 4.1 ஆண்டு. நிலவறையில் ஒரு பாட்டில்கூடக் கூடவில்லை, வகுக்கும் எண்தான் சுருங்கியது. விகிதம் மாறினால், மேலே உள்ளது நகர்ந்ததா, கீழே உள்ளது நகர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது தேதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒயின் ஆண்டு ஆகஸ்ட் 1-ல் தொடங்கி ஜூலை 31-ல் முடிகிறது. இருப்பு அறிவிப்பும் ஜூலை 31 நிலவரத்தையே காட்டும், புதுத் திராட்சை வந்து சேருவதற்கு முன். விற்பனைச் செய்திகளோ ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானவை, அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டையொட்டிய மாதங்களின் பங்கு பெரிது. ஜூலை இருப்பையும் டிசம்பர் இருப்பையும் ஒப்பிட்டால் நடுவில் ஒரு முழு அறுவடை புகுந்திருக்கும். மாதவாரியாக எடுத்து, ஆகஸ்ட் முதல் ஜூலை வரை கூட்டிய விற்பனையோடுதான் ஜூலை 31 இருப்பைச் சேர்க்க வேண்டும். தொடக்க இருப்போடு அறுவடை ஒயினைக் கூட்டி, வெளியே அனுப்பியதையும் வடிசாலைக்குப் போனதையும் சேதாரத்தையும் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். வரவில்லையென்றால் அட்டவணையின் ஏதோ ஒரு பத்தி வேறு காலத்துக்குரியது.

அறுவடையை ஒயினாக மாற்றும்போது ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷாம்பெய்ன் விதிப்படி 4,000 கிலோவிலிருந்து 2,550 லிட்டர்தான் எடுக்கலாம். 2024-க்கு வைத்த விளைச்சல் வரம்பு ஹெக்டேருக்கு 10,000 கிலோ. அதில் 6,375 லிட்டர், அதாவது 8,500 பாட்டில். தோட்டப் பரப்பைச் சுமார் 34,000 ஹெக்டேர் என்று கொண்டால் ஏறத்தாழ 28.9 கோடி. அந்த ஆண்டு வெளியே போனது 27.1 கோடி. 2025-ல் வரம்பை 9,000 கிலோவாகக் குறைத்தார்கள், கிடைக்கக்கூடியது சுமார் 26 கோடி. இருப்பு வீங்காமல் பிடித்துவைக்கும் கடிவாளம் இந்த வரம்புதான். ஆனால் அது உச்சவரம்பே தவிர உண்மை விளைச்சல் அல்ல. 2021-ல் உறைபனியும் பூஞ்சை நோயும் தோட்டங்களைத் தாக்கியபோது கணிசமானோரால் அதை எட்ட முடியவில்லை.

அப்படிப்பட்ட ஆண்டுகளுக்காகத்தான் சேமிப்பு ஒயின் இருக்கிறது. நல்ல ஆண்டில் விற்பனை வரம்புக்கு மேல் பறித்ததை, குறிப்பிட்ட அளவுவரை, தொட்டியில் பூட்டி வைக்கலாம். அனுமதி வரும்வரை விற்க முடியாது. திறந்துவிட்டால் விற்கத்தக்க இருப்பு கூடும், மொத்த இருப்பு மாறாது, அட்டவணையில் பத்திதான் மாறுகிறது. இதைப் புது வரவாகக் கூட்டினால் அதே ஒயின் இருமுறை ஏறிவிடும். சில அட்டவணைகள் இதைச் சேர்க்கும், சில விடும். ஒப்பிடும் இரண்டு ஆண்டுகளிலும் ஒரே முறை இருக்கிறதா என்று அடிக்குறிப்பைப் படியுங்கள்.

இருமுறை எண்ணுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தோட்டத்தில் சுமார் 90 சதவீதம் விவசாயிகளிடம், விற்பனையில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களிடம். திராட்சையும் சாறும், லேபிள் ஒட்டாத பாட்டில்களும்கூட இவர்களுக்குள் கைமாறும். விவசாயிகள் தரப்பு இருப்பு குறைந்தால் அது குடித்துத் தீர்ந்தது என்று பொருளல்ல, பக்கத்து நிலவறைக்குப் போயிருக்கலாம்.

வெளியே அனுப்பியதைக் குடித்ததாக எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். 2021-ல் சுமார் 32 கோடி, 2022-ல் 32.5 கோடி என்று ஏறி, 2023-ல் 29.9, பிறகு 27.1 என்று இறங்கியது. ஏறிய ஆண்டுகளில் இறக்குமதியாளர்களும் கடைக்காரர்களும் கிடங்கை நிரப்பிக்கொண்டார்கள். பிறகு அதிலிருந்தே விற்றதும் இந்த இறக்கத்துக்கு ஒரு காரணம். அந்தக் கிடங்குப் பாட்டில்கள் வட்டார இருப்பில் எங்கும் தெரியாது.

அலகுகளில் வரும் தவறுகளுக்குப் பெரும்பாலும் கவனக்குறைவுதான் காரணம். ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர், அதாவது 133 பாட்டில். பத்து லட்சம் பாட்டில் என்றால் 7,500 ஹெக்டோலிட்டர். ஒரு பில்லியன் என்பது 100 கோடி, 10 கோடி அல்ல. பாட்டில் என்றால் 75 சென்டிலிட்டர், ஆகவே மேக்னம் எனும் 1.5 லிட்டர் பெரிய பாட்டில் இரண்டாகக் கணக்காகும்.