டெனர் கிட்டார்: முதலில் ட்யூனிங், பிறகு தந்தி

டெனர் கிட்டாருக்கு நான்கே தந்திகள். 1920களின் இறுதியில் கிப்சன், மார்ட்டின் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இதைச் செய்யத் தொடங்கியபோது, டெனர் பேன்ஜோ என்ற நான்கு தந்திக் கருவியை வாசித்தவர்கள் தம் விரல் பழக்கத்தை மாற்றாமலேயே கிட்டாரின் ஒலியைப் பெற முடிந்தது. வட சென்னையில் பேன்ஜோவில் கை பழகியவர்கள் அரிது என்பதால், பேன்ஜோவின் ட்யூனிங்கையே நாமும் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் கை ஏற்கெனவே அறிந்த கருவி எதுவோ, அதற்கேற்ற ட்யூனிங்கை முதலில் முடிவு செய்து, அதன் பிறகே தந்தி வாங்குங்கள்.

முதல் வேலை அளவெடுப்பது. தலைப்பகுதியின் நட்டிலிருந்து (தந்திகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சிறு பட்டை) 12ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து, அதை இரட்டிப்பாக்கினால் தந்தியின் அதிரும் நீளம் கிடைக்கும். பெரும்பாலான டெனர் கிட்டார்களில் அது 21 முதல் 23 அங்குலம் வரை இருக்கும். கீழே தரும் கனங்கள் (12 என்றால் 0.012 அங்குலம்) 23 அங்குலத்துக்குரியவை; ஒவ்வொரு தந்திக்கும் சுமார் 8 முதல் 11 கிலோ இழுவிசை வரும்.

இரண்டாவது, ட்யூனிங். பெரம்பூரிலோ ராயபுரத்திலோ தேவாலயப் பாடற்குழுவில் ஆறு தந்தி கிட்டார் வாசித்துப் பழகியவர் என்றால், கனத்த தந்தியிலிருந்து, மேற்கத்திய சுரப்பெயர்களில், டி–ஜி–பி–ஈ என்று வையுங்கள். இதைச் சிகாகோ ட்யூனிங் என்பார்கள். கிட்டாரின் மேல் நான்கு தந்திகளும் இவையே என்பதால் தெரிந்த கார்டுகள் (சுரக்கூட்டுகள்) அப்படியே உதவும். 12 எனத் தொடங்கும் சாதாரண அக்கூஸ்டிக் செட்டை வாங்கி, அதன் முதல் நான்கு தந்திகளை (12, 16, 24, 32) மட்டும் பூட்டினால் போதும்.

பேன்ஜோவிலிருந்து வந்த பழைய முறையான சி–ஜி–டி–ஏ, தந்திக்குத் தந்தி ஐந்தாம் சுரம் ஏறிச் செல்வது. விரிந்த, பளிச்சென்ற ஒலி இதற்கே உரியது. டெனர் கிட்டாரின் உண்மையான குரல் இதுதான் என்பது என் கருத்து. இதற்கு 10 எனத் தொடங்கும் மெல்லிய அக்கூஸ்டிக் செட்டின் முதல் நான்கு தந்திகள் (பெரும்பாலும் 10, 14, 23, 30) பொருந்தும். முதல் தந்தியான ஏ மட்டும் அறுந்துபோகும் எல்லைக்கு அருகிலேயே நிற்கும். அது அறுந்தால் பலர் அடுத்த முறை கனமான தந்தியைத் தேடுகிறார்கள். அதனால் பயன் இல்லை. கனம் கூடினால் தாங்கும் வலிமை கூடுவது உண்மைதான் என்றாலும், அதே சுருதிக்குத் தேவைப்படும் இழுவிசையும் அதே அளவில் கூடிவிடுகிறது. 9 அல்லது 10 கனத்தையே வைத்து, மெதுவாக முறுக்கி ஏற்றுங்கள்.

கர்நாடக வயலின் கற்றவர்கள் இதே தந்திகளை வைத்துக்கொண்டு, டி தந்தியைச் சி சுரத்துக்கும் ஏ தந்தியை ஜி சுரத்துக்கும் இறக்கினால், 1 கட்டையில் ச–ப–ச–ப கிடைத்துவிடும். இழுவிசை குறைவதால் ஏ தந்தியின் ஆயுளும் நீளும். மேற்கத்திய முறையில் வயலினோ மாண்டலினோ வாசிப்பவர் அதற்கு ஓர் எட்டுச்சுரம் கீழே ஜி–டி–ஏ–ஈ வைக்கலாம். இதற்கு உதிரித் தந்திகளாக 42, 28, 18, 12 வாங்க வேண்டும். மெல்லிய தந்திகளுக்காக வெட்டிய நட்டில் 42 உட்காராது என்பதால், பள்ளத்தைக் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அகலப்படுத்துங்கள். சி–ஜி–டி–ஏ தந்திகளையே தளர்த்தி இந்த ட்யூனிங்குக்கு இறக்கினால், அவை தொளதொளவென்று ஃபிரெட்டில் அடிக்கும்.

மூன்றாவது, தந்தியின் முனை. பிரிட்ஜில் (தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் கட்டை) சிறு முளை குத்தித் தந்தியைப் பிடிக்கும் கிட்டாருக்குக் குண்டுமுனைத் தந்தி வேண்டும். பழைய கருவிகள் சிலவற்றில் வால்பகுதிக் கொக்கியில் மாட்டும் வளையமுனைத் தந்திதான் பொருந்தும். கடைக்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு, தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று உருக்குத் தந்தியை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே பூச்சுள்ள தந்திகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்புறமும் சேர்த்துத் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வையுங்கள். மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.