முதல் பேஸ் கிதாரை வரைவது எப்படி? கம்பியில் தொடங்குங்கள்

சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் பேஸ் கிதார் செய்யலாம் என்று கிளம்புகிற பலரும் முதலில் வரைவது பாடியைத்தான். கொம்பு இப்படி வளைய வேண்டும், இடுப்பு இப்படிக் குறுக வேண்டும் என்று நோட்டு நிறைய வரைந்து வைத்திருப்பார்கள். பிரிட்ஜ் (கம்பிகள் பாடியில் முடியும் தாங்கி) எங்கே வரும், நெக் (கழுத்து) பாடிக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டால் விழிப்பார்கள். பாடியின் வடிவம் கடைசியில் வர வேண்டிய விஷயம். கம்பி போகும் பாதை முதலில், அந்தப் பாதையைத் தாங்கும் நெக் அடுத்து, மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இங்கே நாம் வரையப்போவது நான்கு கம்பி, திருகாணி போட்டு இணைக்கும் நெக், 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). 1951இல் ஃபெண்டர் கம்பெனி பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த அளவு இது. இன்றைக்கும் பெரும்பாலான கம்பி செட்டுகள் இதற்கென்றே வருகின்றன. 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கைக்கு எளிது, ஆனால் அதற்கான கம்பியைத் தேடி வாங்க வேண்டும். ஐந்து கம்பி ஆசை இருந்தால் இரண்டாவது கிதாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உதிரிகள்

பிரிட்ஜ், ட்யூனர் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது), ட்ரஸ் ராடு (நெக்குக்குள் போய் அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு), இந்த நான்கும் கையில் இருந்த பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும். கடையின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவை நம்பி வரையாதீர்கள். வெர்னியர் காலிப்பர் வைத்து நீங்களே அளந்து, ஒவ்வொன்றையும் தராசிலும் வைத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எடை பின்னால் தேவைப்படும்.

2. நடுக்கோடும் கம்பிகளும்

கணினி தேவையில்லை. ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு காகிதச் சுருள், ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், கூரான பென்சில் போதும். நிஜ அளவிலேயே வரையுங்கள்.

நீளவாக்கில் ஒரு நடுக்கோடு. அதற்குக் குறுக்கே, செங்குத்தாக, நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு தாங்கி) கோடு. அங்கிருந்து 863.6 மி.மீ. தள்ளி பிரிட்ஜ் கோடு. 34 அங்குலம் என்பது இதுதான். நட்டில் E கம்பிக்கும் (எல்லாவற்றிலும் தடித்தது) G கம்பிக்கும் (மெல்லியது) இடையே 30 மி.மீ. வையுங்கள். பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி 19 மி.மீ. என்றால் மொத்தம் 57. உங்கள் பிரிட்ஜ் வேறு அளவு என்றால் அதைப் போடுங்கள். இரண்டு ஓரக் கம்பிகளையும் கோடாக இழுத்தால் நெக்கின் சரிவு தானாகக் கிடைத்துவிடும்.

கம்பிக்கு வெளியே நட்டில் இருபுறமும் 4 மி.மீ. விட்டால் நட்டின் அகலம் 38. இது ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் அளவு, விரல் நீளம் குறைந்தவர்களுக்கும் வசதி. நெக் முடியும் இடத்தில் 6 முதல் 7 மி.மீ. விடுங்கள். 20 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை) என்றால் அங்கே நெக் 62 மி.மீ. பக்கமாக வரும்.

ஒரு நுணுக்கம்: 863.6 என்பது கணக்குக்கான நீளம். கம்பியை அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறும், அதை ஈடுகட்ட நிஜத்தில் கம்பி சற்று நீளமாக இருக்க வேண்டும், தடித்த கம்பிக்கு இன்னும் கூடுதலாக. ஆகவே G கம்பியின் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டு) ஏறக்குறைய முழுதாக முன்னால் தள்ளி, அது 863.6 கோட்டில் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். பின்னால் நகர்த்த இடம் இருக்கும். நடுவில் வைத்து வரைந்தால் E கம்பிக்கு இடம் பற்றாமல் போகலாம்.

3. ஃப்ரெட்

ஸ்கேல் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம்: 48.47 மி.மீ. மீதி 815.13. அதை மறுபடி 17.817ஆல் வகுத்தால் 45.75. ஆக இரண்டாவது ஃப்ரெட் நட்டிலிருந்து 94.22. இப்படியே போகலாம். 12வது ஃப்ரெட் சரிபாதியில், 431.8இல் விழ வேண்டும். விழவில்லை என்றால் எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது. குறிக்கும்போது எல்லா ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்தால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

24 ஃப்ரெட் வேண்டுமா? 20 ஃப்ரெட்டில் கடைசி ஃப்ரெட்டுக்கும் பிரிட்ஜ் கோட்டுக்கும் நடுவே 272 மி.மீ. கிடைக்கும். 24 என்றால் 216தான். அந்த இடத்தில்தான் பிக்கப் உட்கார வேண்டும், கையும் வாசிக்க வேண்டும். பேஸில் மேல் நான்கு ஃப்ரெட்டை எத்தனை பேர் தொடுகிறார்கள்? என் ஓட்டு 20க்கே.

4. பக்கவாட்டுப் படம்

இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். கிதார் செய்து முடித்த பிறகு கம்பி மலைபோல் உயர்ந்து நிற்பதும், சேடிலை அடிவரை இறக்கியும் பயனில்லாமல் போவதும் இதனால்தான்.

கணக்கு சுலபம். நெக்கின் அடிப்பகுதி ஃபிங்கர்போர்டோடு (ஃப்ரெட் பதிக்கும் மேல் பலகை) சேர்த்து 25 மி.மீ. கனம், பாடியில் அதற்குத் தோண்டும் பள்ளம் 16 மி.மீ. ஆழம் என்று வையுங்கள். ஃபிங்கர்போர்டு பாடிக்கு மேல் 9 மி.மீ. நிற்கும். ஃப்ரெட் உயரம் 1 சேர்த்தால் 10. கம்பி நட் பக்கம் ஃப்ரெட்டுக்கு மேல் அரை மி.மீ., 12வது ஃப்ரெட்டில் 2 மி.மீ. உயரத்தில் இருந்தால், பிரிட்ஜில் அது 3.5 ஆகிவிடும். ஆக, சேடிலில் கம்பி பாடியிலிருந்து 13.5 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பிரிட்ஜை மேசைமேல் வைத்து சேடிலை முழுக்க இறக்கி ஒருமுறை, முழுக்க ஏற்றி ஒருமுறை அளங்கள். 13.5 இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தால் நிம்மதி. இறக்கியும் 15க்குக் கீழே வராத பிரிட்ஜ் என்றால் பள்ளத்தை 13 ஆகக் குறையுங்கள், கம்பி 16.5க்குப் போகும். காகிதத்தில் இதற்கு ஒரு ரப்பர் போதும்.

5. பாடியும் எடைச் சமநிலையும்

இப்போது உங்கள் நோட்டை எடுக்கலாம். ஒரு நிபந்தனை: மேல் கொம்பின் நுனி, அதாவது ஸ்ட்ராப் பட்டன் வரும் இடம், 12வது ஃப்ரெட்டுக்கு நேராக இருக்கட்டும். அதைவிடக் குட்டையானால் தலை தொங்கும். கையை எடுத்தால் ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) தரையைப் பார்க்கும். இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். கிப்சன் தண்டர்பேர்டு பேஸுக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர் கிடையாது.

தராசுத் தட்டு போலத்தான் இந்தக் கணக்கு. முள் நிற்கும் இடம் கிட்டத்தட்ட 12வது ஃப்ரெட். அங்கிருந்து ட்யூனர்கள் சுமார் 530 மி.மீ. தூரம், பிரிட்ஜ் சுமார் 430. ஒரு ட்யூனர் 100 கிராமுக்குப் பதில் 60 கிராம் என்றால் நான்கிலும் சேர்த்து 160 கிராம் மிச்சம். அதே பலனை பிரிட்ஜ் பக்கம் எடை ஏற்றிப் பெற நினைத்தால் ஏறக்குறைய 200 கிராம் கூட்ட வேண்டும். முதலாவது வழியில் தோளுக்கும் சுமை குறைகிறது. காசு செலவழிக்க ஒரே ஒரு இடம் இருந்தால் இலகு ட்யூனரில் செலவழியுங்கள்.

பிரிட்ஜை பாடியின் பின்விளிம்பை நோக்கித் தள்ளி வைப்பதும் உதவும். மொத்த நெக்கும் உடம்புப் பக்கம் நகர்வதால் முதல் ஃப்ரெட்டை எட்டுவது எளிதாகும்.

வெட்டுவதற்கு முன் மலிவான ப்ளைவுட்டில் வடிவத்தை அறுத்து, நெக்குக்குப் பதில் ஒரு ரீப்பர் கட்டையைத் திருகி, ட்யூனரையும் பிரிட்ஜையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நிஜ மரத்தின் எடைக்கு ஈடாக பாடியில் மணல் பை கட்டிக்கொள்ளலாம். ஸ்ட்ராப் மாட்டி நின்று பாருங்கள், உட்கார்ந்தும் பாருங்கள். முன்கை படும் விளிம்பு உறுத்துகிறதா, தொடையில் வழுக்குகிறதா என்பதெல்லாம் இதில்தான் தெரியும்.

6. மரம்

அமெரிக்கக் கிதார்களில் பாடிக்கு ஆல்டர், ஆஷ், நெக்குக்கு மேப்பிள் வழக்கம். ஃபிங்கர்போர்டுக்கு உலகமே தேடும் ஒரு மரம் நம் தென்னிந்திய ஈட்டி. ரசீது இல்லாத ஈட்டியைத் தொடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட மரம்.

பாடிக்கு மஹோகனி கிடைத்தால் நல்லது. வீணைக்குப் பயன்படும் பலாவும் ஆகும், எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மரவாடியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ., கனம் 4.5 செ.மீ. உள்ள துண்டு ஒன்று கேட்டு வாங்கி நிறுத்துப் பாருங்கள். அது 450 கன செ.மீ.; 270 கிராம் இருந்தால் லிட்டருக்கு 600 கிராம். பாடியின் கன அளவு சுமார் 5 லிட்டர் என்றால் பாடி மட்டும் 3 கிலோ. நெக்கும் உதிரியும் சேர்ந்தால் நாலரை கிலோவைத் தாண்டும். அது அதிகம். பாடியின் கனத்தைக் குறையுங்கள், அல்லது உள்ளே பொந்து விடுங்கள்.

நெக் மரத்தில் சமரசம் வேண்டாம். நான்கு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நன்றாகச் சீசன் ஆன, ரேகை நேராக ஓடும் மரமாகப் பாருங்கள். ஒரே கட்டையைவிட, மூன்று பட்டைகளை ஒட்டிச் செய்த நெக் முறுக்கிக்கொள்வது குறைவு. G கம்பியில் 5 முதல் 7வது ஃப்ரெட் வரை ஏதோ ஒரு சுரம் சட்டென்று செத்துப்போவது பல பேஸ்களில் உண்டு. அந்தச் சுரத்தின் அதிர்வை நெக்கே வாங்கிக்கொள்கிறது. முழுதாக ஒழிக்க முடியாது. விறைப்பான நெக், இலகுவான ஹெட்ஸ்டாக் இரண்டும் இருந்தால் பெரும்பாலும் தொல்லை குறையும்.

7. பிக்கப்பும் மின் இணைப்பும்

பிரிட்ஜுக்கு அருகே ஒலி கூர்மை, நெக்கை நோக்கிப் போகப்போக உருண்டு தடிக்கும். முதல் கிதாருக்கு 1957க்குப் பிறகு வந்த பிரிசிஷன் வகை, இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் ஒன்றே போதும். இரைச்சல் இல்லை, தோண்டும் பள்ளமும் குறைவு. வழக்கமாக E, A துண்டு நெக் பக்கம் இருக்கும். அதை மாற்றி பிரிட்ஜ் பக்கம் வைத்தால் E கம்பி இன்னும் இறுக்கமாகக் கேட்கும். பிடித்த பேஸ் ஒன்றில் பிக்கப்பின் இடத்தை 12வது ஃப்ரெட்டிலிருந்து அளந்து அப்படியே வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

250 கே (கிலோஓம்) பாட், அதாவது திருகும் குமிழ், இரண்டு, ஒன்று வால்யூமுக்கு, ஒன்று டோனுக்கு. 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. பாடியின் பின்பக்கத்திலிருந்து குழி தோண்டுவதானால் முன்பக்கம் 5, 6 மி.மீ. மரம்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டின் மரை வெளியே வந்து, அதை இறுக்கும் நட்டைப் பிடிக்காது. குழியிலிருந்து பிரிட்ஜின் அடிக்கு கிரவுண்ட் ஒயர் போக 3 மி.மீ. துளை ஒன்றையும் இப்போதே வரைந்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு ஞாபகம் வந்தால் ட்ரில் பிட்டை எந்தச் சாய்வில் இறக்குவது என்று திண்டாட வேண்டியிருக்கும்.