காரணம் தெரியாத காயம்: அறிக்கை எழுதுவது எப்படி?

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய முதல் காய அறிக்கை அப்படியே திரும்பி வந்தது. எழுதியது நான்கே சொற்கள்: "கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டார் போலிருக்கிறது."

படி 1. ஆளைப் பாருங்கள், காகிதம் அப்புறம். தலையில் அடி என்றாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றாலோ உடனே மருத்துவரை அழையுங்கள்.

படி 2. அளந்து குறியுங்கள். "இடது மேற்கை உள்பக்கம், 4 செ.மீ., ஊதா, காலை 6.40, குளிப்பாட்டும்போது கண்டேன்." இவ்வளவு போதும். எனக்குப் பிடித்த கருவிகள் காகித அளவுகோலும் உடல் படம் அச்சிட்ட தாளும்தான். சொந்தக் கைபேசியில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். நிறத்தை வைத்து நாள் கணக்கும் சொல்லாதீர்கள். 65 வயது தாண்டியவர்களின் ரத்தக்கட்டுகளைத் தினமும் கவனித்து 2005ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழைய காயத்தின் நிறம் என்று நாம் நினைக்கும் மஞ்சள், சிலவற்றில் முதல் நாளே தெரிந்தது. தற்செயலாக வந்தவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் கை கால்களில்தான். கழுத்திலோ காதிலோ ஒன்றுகூட இல்லை. காயம் எங்கே இருக்கிறது என்பதே ஒரு தடயம், அதனால் இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள்.

படி 3. காரணத்தை ஊகிக்காதீர்கள். நான் முதல் அறிக்கையில் சறுக்கியது இங்கேதான். இடித்ததை நான் பார்க்கவில்லை, மறதி நோயுள்ள அந்தப் பாட்டியும் சொல்லவில்லை. ஆனால் கட்டில் கம்பி என்று எழுதிவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுவார்கள். இப்போது 'போல', 'இருக்கலாம்' இரண்டும் என் அறிக்கையில் வந்தால் அடித்துவிடுகிறேன். "யாரும் பார்க்கவில்லை, அவராலும் சொல்ல முடியவில்லை" என்பதே முழுமையான பதில். கேட்கும்போதும் "கட்டில்ல இடிச்சுக்கிட்டீங்களா?" வேண்டாம், தலையாட்டிவிடுவார்கள். "இது எப்படி ஆச்சு பாட்டி?" என்று கேட்டு, சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

படி 4. ஷிப்ட் முடியட்டும் என்று அறிக்கையை வைத்திருக்காதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, கொடுமை நடந்ததாகச் சந்தேகமோ பலத்த காயமோ இருந்தால் 2 மணி நேரத்துக்குள், மற்றவை 24 மணி நேரத்துக்குள் இல்ல நிர்வாகிக்கும் மாநில அதிகாரிகளுக்கும் போகவேண்டும். விசாரணை முடிவுக்கு 5 வேலை நாட்கள். மற்ற நாடுகளில் கெடு வேறாக இருக்கும், உங்கள் இல்லத்தின் விதியை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பின்சேர்க்கை: "மேற்பார்வையாளர் 'சின்னதுதானே, விடு' என்கிறார்" என்று இருவர் எழுதியிருந்தார்கள். நீங்கள் அவரிடம் சொன்ன நேரத்தையும் அவர் பதிலையும் குறித்து, அவருக்கு மேலே உள்ளவரிடம் கொடுங்கள். முந்தைய ஷிப்டில் இருந்தவரை நாமே விசாரிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கூடாது. பெயரை மட்டும் குறியுங்கள், கேட்பது விசாரணை அதிகாரியின் வேலை.