டேட்டாபேஸ் லைசென்ஸ்: வெப் அப்ளிகேஷனில் எங்கே சறுக்குகிறோம்?

வெப் அப்ளிகேஷன் டேட்டாபேஸுக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு லாகினில்தான் போகும். கனெக்‌ஷன் பூலில், அதாவது எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் தயார் இணைப்புகளின் தொகுப்பில், பத்து இணைப்புகள் இருக்கும். ஐந்நூறு பேர் சைட்டைத் திறந்தாலும் அந்தப் பத்தே மாறி மாறி ஓடும். இதைப் பார்த்துவிட்டு, "உள்ளே வருவது ஒரே யூசர்தானே, ஒரு லைசென்ஸ் போதாதா?" என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய.

போதாது. இப்படிப் பலரை ஒரே இணைப்பு வழியாக அனுப்புவதற்கு மல்டிபிளெக்சிங் என்று மைக்ரோசாஃப்ட் பெயரே வைத்திருக்கிறது. நடுவில் எத்தனை அடுக்கு இருந்தாலும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளையோ அவர் கையிலுள்ள சாதனத்தையோதான் எண்ணுவார்கள். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் ஸ்டாண்டர்டு எடிஷனை சர்வர் லைசென்ஸ், சிஏஎல் (ஆளுக்கோ சாதனத்துக்கோ ஒன்று என வாங்கும் அணுகல் உரிமம்) என்று பிரித்து வாங்கினால் ஐந்நூறு பேருக்கும் சிஏஎல் வேண்டும். ஆரக்கிள் டேட்டாபேஸை ஆள் கணக்கில் வாங்கும் நேம்டு யூசர் பிளஸ் லைசென்ஸிலும் இதே கதைதான். அங்கே என்டர்பிரைஸ் பதிப்புக்கு, ஆள் குறைவாக இருந்தாலும் ப்ராசசர் ஒன்றுக்குக் குறைந்தது 25 பேருக்கு வாங்கியாக வேண்டும்.

அலுவலகத்துக்குள் நாற்பது பேர் மட்டும் பயன்படுத்துவதென்றால் சிஏஎல் சரி. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளும் சைட்டுக்கு ஆளை எண்ணி மாளாது. ஆளை விட்டுவிட்டு, ப்ராசசரிலுள்ள கோர்களின் கணக்கில் வாங்குவதுதான் வழி. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) 2 கோர்தான் ஒதுக்கியிருந்தாலும், எஸ்க்யூஎல் சர்வருக்குக் குறைந்தது 4 கோர் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அப்புறம், எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷன். காசு கிடையாது, ஆனால் லைவில், அதாவது நிஜப் பயன்பாட்டில், ஓட்டக்கூடாது. இது பலருக்கும் தெரியும். தெரியாத சிக்கல் வேறு: எஸ்க்யூஎல் சர்வர் 2022 வரை டெவலப்பர் எடிஷனில், விலை அதிகமான என்டர்பிரைஸ் எடிஷனின் வசதிகள் எல்லாமே திறந்திருக்கும். டேபிளைப் பூட்டாமல் இன்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணையை) ஆன்லைனில் ரீபில்டு செய்யும் ஸ்கிரிப்ட் டெஸ்ட்டில் அழகாக ஓடும். லைவில் ஸ்டாண்டர்டு இருந்தால், அதே ஸ்கிரிப்ட் முதல் ராத்திரியே எரர் அடித்து நிற்கும். என்டர்பிரைஸ் விலை தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் தூக்கம் வராது.

எஸ்க்யூஎல் சர்வரின் இன்னொரு இலவச எடிஷனான எக்ஸ்பிரஸை லைவில் தாராளமாக ஓட்டலாம். 2022 பதிப்பில் டேட்டாபேஸ் ஒன்றுக்கு 10 ஜிபி வரம்பு, 2025-ல் 50 ஜிபி. ஆடிட் லாக், அப்லோடான படங்கள் எல்லாவற்றையும் டேபிளுக்குள்ளேயே கொட்டுகிறவர்களுக்கு 10 ஜிபி சீக்கிரம் நிறையும். நிறைந்ததும் புதிய பதிவு எதுவும் உள்ளே போகாது.

ஓப்பன் சோர்ஸ் பக்கம் பயம் வேறு மாதிரி. மைஎஸ்க்யூஎல், சேர்த்து விநியோகிக்கும் கோடையும் திறந்து கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் லைசென்ஸில் வருகிறது என்பதால் நம் கோடையும் வெளியிட வேண்டுமோ என்று கேட்பார்கள். உங்கள் சர்வரிலேயே ஓட்டும்வரை அந்தப் பேச்சே இல்லை. அப்ளிகேஷனோடு மைஎஸ்க்யூஎல்லையும் சேர்த்து வாடிக்கையாளர் மெஷினில் நிறுவக் கொடுக்கும்போதுதான், ஆரக்கிளின் வணிக லைசென்ஸ் வேண்டுமா என்று பார்க்க வேண்டிவரும். இன்னொரு ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸின் லைசென்ஸில் அப்படி நிபந்தனை இல்லாததால் இந்தக் கேள்வியே எழாது; புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.