கழுகுமலையில் ஏறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

மலை என்றதும் பயம் வேண்டாம். கரிசல் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கிற பாறைக்குன்றுதான் கழுகுமலை. நடந்து பழக்கமில்லாதவரும் நிதானமாக ஏறிவிடலாம். ஆனால் மூன்று மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள். ஓடி ஏறி ஓடி இறங்கினால் இந்த மலையைப் பார்த்த கணக்கே இல்லை.

முதலில், போகிற வழி. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு ரயிலோ பஸ்ஸோ பிடியுங்கள். அங்கிருந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் சொச்சம். 1986-ல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போன ஊர் இது. மழைக்காலம் முடிந்து கரிசல் பச்சையாக இருக்கும் மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊரே நிறைந்திருக்கும், மலை பார்ப்பதற்கு அந்த நாட்கள் வேண்டாம்.

காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். நான் முதல்முறை பதினோரு மணிக்கு, தேய்ந்த ரப்பர் செருப்போடு போனேன். பாறைச் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலைச் சுட்டது, சரிவில் வழுக்கவும் செய்தது. அடியில் நல்ல பிடிப்புள்ள செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு. இவ்வளவு போதும். குரங்குகள் வரலாம், அதனால் தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். முருகனின் கருவறையே மலையைக் குடைந்ததுதான். தரிசனம் முடிந்ததும் படி ஏறுங்கள். சில இடங்களில் பாறையிலேயே வெட்டிய படிகள், உயரம் ஒரே சீராக இருக்காது. மூச்சு வாங்கினால் நின்று, திரும்பி ஊரைப் பாருங்கள்.

அடுத்தது வெட்டுவான் கோயில். இங்கே ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். நேரே கிட்டே போய்விடாதீர்கள். முதலில் மேல்பக்கச் சரிவில் நின்று கீழே பாருங்கள், விளிம்புக்கு மட்டும் போகாமல். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு வெட்டி, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையைக் கோயிலாகச் செதுக்கினார்கள். மேலிருந்து கீழாகத்தான் வேலை நடந்தது. விமானத்தின் உச்சியில் அத்தனை நுணுக்கம், கீழே வர வர வெறும் உளி பட்ட கல். வேலை பாதியில் நின்றதால்தான் அது எப்படி நடந்தது என்று நமக்கே தெரிகிறது. சிற்பி பார்த்த வரிசையில் நாமும் பார்த்தால், கல்லில் உளி இறங்கி வந்த பாதை பிடிபடும்.

அப்புறம் கிட்டே போங்கள். தென்பக்கம் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். அந்த முகத்துக்கு முன்னால் பத்து நிமிடம் கொடுங்கள். அப்பனும் மகனும் சிற்பிகள், போட்டியில் அப்பன் மகனையே கொன்றான், அதனால்தான் கோயில் முடியவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்த முடியாத கல்லைப் பார்க்கும்போது கதை நினைவுக்கு வரும்.

அடுத்து, சமணர் சிற்பங்கள். அய்யனார் கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் குருமார்கள், வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். தீர்த்தங்கரரான பார்சுவநாதர், சமணத் துறவி பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் சமணப் பெண்தெய்வம் அம்பிகை என்று ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடியுங்கள். பல உருவங்களுக்குக் கீழே, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அதைச் செய்வித்தவர் பெயர் இருக்கிறது. செய்வித்தவர்களில் தச்சரும் குயவரும் உண்டு. குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களின் பெயரும் வருகிறது. கழுகுமலையின் பழைய பெயரான திருநெச்சுறமும் இந்தக் கல்வெட்டுகளில் கிடைக்கிறது. எழுத்து தெரியவில்லையே என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கையாலும் தடவாதீர்கள். ஆயிரத்து இருநூறு வருஷம் நின்ற எழுத்து அது.

தெம்பு இருந்தால் உச்சிப் பிள்ளையார் வரை போகலாம். சரிவு கூடும், அதனால் பாறை ஈரமாக இருந்தாலோ இடி இடித்தாலோ வேண்டாம். தெளிவான நாளில் மேற்கே தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும்.

இறங்கும்போதுதான் கால் அதிகம் வழுக்கும். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முழங்கால் நடுங்கினால் உட்கார்ந்தே இறங்கலாம், அங்கே யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.